பிரேபோர்ன் வளாகத்தில் பெண்கள் டென்னிஸ்

மும்பையில் வாழும் நம்மவர்களிற் பலர் நாள்தோறும் சர்ச்கேட் நிலையத்தில் இறங்கி, இருபுறமும் நோக்காது அலுவலகத்தை நாடி விரைகின்றவர்கள். அந்நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிரேபோர்ன் மைதானத்தை அவர்கள் ஒரு மதிற்சுவராக மட்டுமே அறிவார்கள். கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் 1937-ஆம் ஆண்டு எழுந்த அரங்கம் அது. அக்காலத்துப் பம்பாய்க் கவர்னர் பிரேபோர்ன் பிரபுவின் பெயரைத் தாங்கியது. அதனை உடைமையாகக் கொண்ட இந்தியக் கிரிக்கெட் கிளப் 1933-இல் தோன்றியது. உறுப்பினரும் அவர்தம் விருந்தினரும் அன்றி மற்றவர் எளிதில் நுழையும் இடமன்று. கிரிக்கெட்டுக்குப் பேர்போன அவ்வளாகத்தில் டென்னிஸ் தளங்களும் உண்டு. அங்கே உலகப் பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் பந்தயம் நடந்திருக்கிறது என்பது அன்பர்களிற் சிலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

மாதுங்காவிலிருந்து செல்வோர் தாதரில் இறங்கி மேற்கு ரயில்வே வண்டிக்கு மாறிக்கொள்ள வேண்டும். (மாதுங்கா நிலையம் 2017-இல் முழுவதும் பெண் ஊழியர்களின் பொறுப்பில் விடப்பட்டது என்பதை, ரயில்வேயில் குமாஸ்தாவாயிருக்கும் நான் சற்றுப் பெருமையுடன் இங்கே குறிப்பிடுகிறேன்.) சர்னி ரோடு தாண்டியதும் வண்டியின் வலப்புறம் கடலும், கடற்கரைச் சாலையை ஒட்டி வரிசையாக ஜிம்கானா மைதானங்களும் தென்படும். எத்தனையோ ஆண்டுகளாக அவற்றைப் பார்த்துக்கொண்டே போகிறேன். ஆடிக்கொண்டிருப்போர் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே.

2025 பிப்ரவரி முதல் வாரம் முடிந்து இரண்டாவது வாரம் தொடங்கும் வரையில் மும்பை ஓப்பன் பந்தயம் அங்கே நடைபெற்றது. கட்டாந்தரைத் தளம், தலைக்கு மேலே பிப்ரவரி வெயில். பார்வையாளர் ஆட்டக்காரியின் மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு அருகில் அமரலாம். தொலைக்காட்சியில் பந்து மெல்ல மிதந்து செல்வதுபோல் தோன்றும். நேரில் அது கண்ணுக்குச் சிக்குவதே அரிது. ஒற்றையர் ஆட்டத்தின் கடுமையும் நேரில்தான் விளங்குகிறது. தளத்தின் ஒரு பாதி முழுவதும் ஒருத்தியின் காவல். பின்னால் ஓடிப் பிடிக்க இன்னொருவர் இல்லை. தவறினால் முகத்தை மறைத்துக்கொள்ளத் துண்டு ஒன்றுதான் உண்டு.

பெண்கள் இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொள்ள முடிந்தது எளிதில் வந்த பேறன்று. ஆண்களுக்குத் தரும் பரிசுத் தொகையில் சிறு பங்கே தங்களுக்குக் கிடைத்ததால், 1970-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒன்பது பெண்கள் தலைக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் பந்தயம் ஆடினார்கள். அவர்களுள் ஒருவரான பில்லி ஜீன் கிங் 1973-இல் பெண்கள் டென்னிஸ் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் நடத்தும் பந்தயங்களில் பல படிகள் உள்ளன. மும்பையில் நடந்தது கீழ்ப்படிகளில் ஒன்று. கீழ்ப்படிதானே என்று எண்ணிவிடலாகாது. 2017 நவம்பரில் இதே வளாகத்தில் கோப்பையை வென்ற பத்தொன்பது வயதுப் பெண் அரினா சபலெங்கா. பின்னர் ஆஸ்திரேலியப் பட்டத்தை 2023-லும் 2024-லும், அமெரிக்கப் பட்டத்தை 2024-லும் 2025-லும் வென்று உலக வரிசையின் முதலிடத்தையும் எய்தியவர். அந்த 2017-ஆம் ஆண்டில் சர்ச்கேட்டில் இறங்கியவர்கள் சில நிமிடம் நடந்திருந்தால் அவரைக் கைக்கெட்டும் தூரத்தில் கண்டிருக்கலாம்.

நேரடியாக இடம் கிடைக்காதவர்கள் தகுதிச் சுற்று ஆடிவர வேண்டும். நம் முன்பதிவு முறையில் உள்ள காத்திருப்போர் பட்டியல் போன்றது என்று கொள்ளலாம். வேற்றுமை ஒன்றுண்டு: நம் பட்டியலில் யாரோ பயணத்தை ரத்துச் செய்தால் இடம் வரும், இங்கோ எதிரே நிற்பவளை வென்றாலன்றி வாராது. (தகுதிச் சுற்றில் தோற்றும், வேறொருவர் விலகியதால் இடம் பெறுகின்றவர்களும் உண்டு. அவர்களை ‘அதிர்ஷ்டத் தோல்வியாளர்’ என்கிறார்கள். நம் இலாகாவிலும் இப்பெயரை வழங்கலாம் போலிருக்கிறது!)

அத்தகைய தகுதிச் சுற்றிலிருந்து 2025-இல் ஏறி வந்தவள் கோயம்புத்தூரைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் ரேவதி. அப்போது அவளுக்கு வயது பதினைந்து. முதல் சுற்றில் பெலாரஸ் நாட்டு இரினா ஷிமனோவிச்சை 6-4, 6-1 என்று வென்றாள். கால் இறுதியில் ஜப்பானின் மெய் யமாகுச்சியை மூன்று செட்டுகள் வரை போராடி வீழ்த்தினாள். அரை இறுதி சனிக்கிழமை நடந்தது. எதிரே நின்றவர் ஸ்விட்சர்லாந்தின் ஜில் டைக்மன். 2022-இல் உலக வரிசையில் 21-ஆம் இடம் வரை சென்ற இடக்கைக்காரர். 3-6, 1-6 என்று ஆட்டம் முடிந்தது. எண்களை மட்டும் நோக்கினால் எளிய தோல்வி. ஆயினும் என் வரிசையில் அமர்ந்திருந்த மாதுங்கா மூதாட்டி ஒருவர் கடைசிப் புள்ளி வரையில் “விடாதே கண்ணு, விடாதே” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். டென்னிஸ் கணக்கு அவருக்குத் தெரியாது; ‘நாற்பதுக்கு அப்புறம் ஐம்பது வராதா?’ என்று இருமுறை என்னைக் கேட்டார். மறுநாள் இறுதி ஆட்டத்தில் டைக்மன் தாய்லாந்தின் மனஞ்சயா சவாங்கேவை 6-3, 6-4 என வென்று கோப்பையைக் கொண்டார்.

இப்படியொரு பந்தயம் நம் நாட்டிலேயே நடப்பதன் பயன் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். வரிசையில் ஏறப் புள்ளி வேண்டும். புள்ளி பெறப் பந்தயத்தில் ஆட வேண்டும். பந்தயத்தில் இடம் கிடைக்கவோ மறுபடியும் புள்ளி வேண்டும். இச்சக்கரத்துள் நுழைய நம் பெண்கள் விசாவும் விமானச் சீட்டும் ஓட்டல் செலவும் தேடிக்கொண்டு நாடு நாடாக அலைகிறார்கள். பந்தயம் இங்கே வந்தால் செலவு ஒரு ரயில் பயணத்தோடு போகும். நடத்துவோர் தம் உரிமையில் உள்நாட்டுப் பெண்கள் சிலருக்கு இடமும் தருவார்கள்.

ஆனால் வந்த பந்தயம் நிலைப்பதில்லை. ஹைதராபாத்தில் 2003 முதல் 2005 வரை நடந்தது. அங்கேதான் 2005-இல் ஸானியா மிர்ஸா, உக்ரேனின் அல்யோனா பொந்தரெங்கோவை மூன்று செட்டுகளில் வென்று, இச்சங்கத்தின் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். கல்கத்தாவில் 2005 முதல் 2007 வரை. பெங்களூரில் 2006 முதல் 2008 வரை; கடைசி ஆண்டில் வென்றவர் செரீனா வில்லியம்ஸ். மூன்று நகரங்களிலும் மும்மூன்று ஆண்டுகள். மும்பையிலோ 2017, 2018 என்று இரண்டு ஆண்டுகள் நடந்து, பிறகு 2024 வரை ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதில் வேலியோரம் நின்று பார்த்த சிறுமிக்கு அடுத்த பந்தயம் வருமுன் பதினெட்டு ஆகிவிடும். அதற்குள் அவள் மட்டையைப் பரண்மேல் வைத்திருப்பாள்.

நம் இல்லங்களில் பெண் குழந்தைக்குப் பாட்டும் பரதமும் கற்பிக்கத் தயங்குவதில்லை. மைதானம் என்றால் மட்டும், “வெயிலில் நின்று கறுத்துப் போவாளே, நாளை யார் கட்டிக்கொள்வான்?” என்ற பேச்சு எழுகிறது. தண்டவாளத்தோரம் வெயிலில் நின்றே வாழ்நாளைக் கழித்தவர்களின் மக்கள் நாம்; நம் வாயில் இது வருவது வியப்பாயிருக்கிறது. செலவைப் பற்றிய அச்சம் வேறு, அது நியாயமானது. மட்டை, காலணி, பயிற்சியாளர் ஊதியம் எல்லாம் மாதச் சம்பளக்காரனை மலைக்க வைப்பவையே.

ஆதலால் விசாரித்துத் தெரிந்துகொள்வதே முறை. மராட்டிய மாநில டென்னிஸ் சங்கத்தின் தளங்கள் கூப்பரேஜ் பகுதியில் இருக்கின்றன. சர்ச்கேட்டிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். நம் சங்க அன்பர் இருவர் தம் பெண்களை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி நேரமும் கட்டணமும் கேட்டறிய வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாதுங்கா நிலையத்தின் சீட்டுக்கொடுக்கும் இடத்தருகே கூடுகிறோம். வர விரும்புவோர் வரலாம், பாட்டிமாரும் வரலாம்.