தஃப்தரில் ஒரு வரி

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் தந்தை, பாட்டன், பூட்டன் என ஆண்வழியிலேயே ஏறிச் செல்கின்றனர். பெண்களைப் பற்றி ஏடுகளில் ஏதுமில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். நம் பாட்டியாரின் தாயாரைத் தேடிப் புகுந்தபோது, அக்காரணம் பொருந்தாதெனக் கண்டோம்.

மஹல்லாவின் பழைய நிக்காஹ் தஃப்தரில் அவ்வம்மையாருக்கு ஒரே வரி: இன்னார் மகள், மஹர் இவ்வளவு, வலீ, உடன்பிறந்த சகோதரர். ஷாஃபிஈ மத்ஹபில் தந்தையும் தந்தைவழிப் பாட்டனாரும் இருக்கையில் சகோதரர் வலீயாவதில்லை. எனவே, அவ்விருவரையும் இழந்தபின் மணமுடித்தவர் அவர் என்பது தெளிவு. ஒரு சொல் ஒரு துயரத்தையே உரைத்துவிட்டது!

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்கு அளிப்பது நெடுநாள் வழக்கம். அவ்வாறே நம் குடும்ப வீட்டுப் பத்திரமும் அவ்வம்மையார் பெயரில் உள்ளது. அதில் கைநாட்டு இல்லை. அரபுத்தமிழில் கையொப்பம் இருக்கிறது. தமிழ் நெடுங்கணக்கு அறியாதாரெல்லாம் எழுத்தறியாதார் அல்லர். குர்ஆன் ஓதக் கற்ற எழுத்திலேயே தாய்மொழியை எழுதியவர் நம் மூதாட்டியர்.

ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஅத் தம் ‘தபகாத்’தின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கே ஒதுக்கினார். ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீயும் தம் காலத்தோர் வரலாற்றின் பன்னிரண்டாம் பாகத்தை அவர்களுக்கே உரியதாக்கினார். அம்மரபில் ஓதிவந்த நாம், வீட்டுச் சுவரில் தொங்கவிடும் வமிசப் பட்டியலில் அன்னையரை விட்டுவிடலாமோ?

அவ்வம்மையாரின் மீசான் கல்லில் பெயரில்லை. பேரப்பிள்ளைகளின் ஏட்டிலேனும் அது இருக்கட்டும். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.