இரு மருந்தும் மூன்று நாளும்

நிக்கோபார் என்றால் பலருக்குத் தென்னந்தோப்பு நினைவுக்கு வரும்; அந்தமானில் வளர்ந்த எனக்கோ முறைக்காய்ச்சல்! 1756-ஆம் ஆண்டு தரங்கம்பாடி டேனியர் அங்கே அமைத்த குடியிருப்பை நிலைக்கவொட்டாமல் அடித்தது மலேரியாவே. 2004-இல் ஆழிப்பேரலை தேக்கிவிட்ட உப்புநீரில் அனோபிலிஸ் கொசு மேலும் பெருகிற்று.

கொடிய ஃபால்சிபாரம் வகைக்கு இன்று ஒரு மருந்து போதாது. ஆர்ட்டிமிசினின் இனத்து மருந்து கிருமிகளில் பெரும்பகுதியை விரைவில் கொன்றுவிட்டுச் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கும். எஞ்சியவற்றை அழிப்பது நெடுநேரம் தங்கும் துணை மருந்தின் வேலை. ஆகவே கூட்டுமருந்துகளை ஒப்பிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது துணையின் வலிமையையே. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் வலுவிழந்ததால்தான் 2013-இல் வடகிழக்கு மாநிலங்களுக்கு ஆர்ட்டிமீதர்-லூமிஃபாண்ட்ரின் வகுக்கப்பட்டது.

முன்னதில் ஆர்ட்டிசுனேட் நாளுக்கொரு வேளை, மூன்று நாள். துணை மருந்து முதல் நாள் மட்டும். பின்னதோ மூன்று நாளில் ஆறு வேளை; அதுவும் கொழுப்புள்ள உணவோடு. இங்கேதான் இடர்! இரண்டாம் நாளே காய்ச்சல் தணிந்துவிடும். "காய்ச்சல்தான் போச்சே, இனி மாத்திரை எதுக்குடா?" என்று நிறுத்திய என் சித்தப்பா, மூன்றாம் வாரம் மீண்டும் படுக்கையில் விழுந்தார்.

நண்பர்களே, சிறந்த மருந்து எது என்று ஆய்வாளர் சொல்லட்டும். மூன்றாம் நாள் மாத்திரை உறையில் மீதி இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டிலுள்ள நம் கடமை.