கல் ஈயும் மருத நிலத்து நீரும்

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று நம்பிப் பழகியவர்கள் நாம். கலங்கலைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். தெளிவைக் கண்டால் இரு கையாலும் அள்ளிப் பருகுகிறோம். ஆனால், நிறமும் மணமும் இல்லாத நஞ்சுகள் நீரில் கலக்கும் காலம் இது. கண்ணின் சாட்சி மட்டும் போதாது. அந்நீரிலேயே பிறந்து, அதிலேயே மூச்சுவிட்டு வளரும் உயிர்களையும் சாட்சிக்கு அழைத்தாக வேண்டும்.

அத்தகைய சாட்சிகளுள் மேலைநாட்டார் முதலிடம் தந்திருப்பது கல் ஈயின் குடம்பிக்கு. ஓடைக் கற்களின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், வாழும் சிற்றுயிர் அது. அதற்கு வாலிழைகள் இரண்டு. ஒவ்வொரு கால் நுனியிலும் நகங்கள் இரண்டு. அதனோடு மயங்கத்தக்க மே ஈயின் குடம்பிக்குப் பெரும்பாலும் வாலிழைகள் மூன்று. காலுக்கு ஒரே நகம். வயிற்றின் இருமருங்கும் செவுள்கள். இரட்டை வால் கொண்ட மே ஈக்களும் உண்டு. ஆதலால் வாலை மட்டும் எண்ணித் தீர்ப்புக் கூறலாகாது. நகத்தையும் செவுளையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

நீரில் ஒட்சிசன் குறையும்போது கல் ஈக் குடம்பிகள் பல, கால்களை ஊன்றி உடலை மேலும் கீழும் அசைக்கின்றன. புதுநீரைத் தம்பால் இழுத்து மூச்சுவிட அவை செய்யும் போராட்டம் அது. ஜெர்மனியில் கொல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர் 1908, 1909ஆம் ஆண்டுகளிலேயே உயிர்களைக் கொண்டு நீரின் மாசை அளக்கும் முறையை வகுத்தனர். பின்னாளில் பிரித்தானியாவில் எழுந்த புள்ளிமுறை, கல் ஈக் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றுக்கு 10 புள்ளியும் சேற்றுப் புழுக்களுக்கு 1 புள்ளியும் வழங்கியது.

வரிப்பத்தான்சேனையில் தமிழ் கற்பிக்கும் நாம், ஒருநாள் பாடத்தினூடே இச்செய்தியைச் சொன்னோம். மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்கட வாய்க்கால்ல அப்பிடி ஒண்டும் இல்லையே சேர்! அப்ப எங்கட தண்ணி முழுக்கக் கெட்டதா?"

நல்ல கேள்வி. இரவல் அளவுகோலைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை தேடத் தமிழ் மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் அதனதன் கருப்பொருள் உண்டு என்பது நம் திணைக்கோட்பாட்டின் அரிச்சுவடி அன்றோ? கல் ஈ குறிஞ்சிக்குரியது. இலங்கையில் நியோபேர்லா என்னும் பேரினத்தைச் சேர்ந்த கல் ஈக்கள், கற்களினூடே விரைந்தோடும் ஓடைகளில் வாழ்கின்றன. பதுளைக்குக் கிழக்கே மலைகளில் பிறக்கும் கல்லோயா, சமவெளிக்கு இறங்கி, 1949இல் தொடங்கிய பெருந்திட்டத்தின் பின் நீர்த்தேக்கமும் வாய்க்காலுமாக மாறிவிட்டது. 10 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே தாங்கும். மருதத்தின் வெந்நிலத்துச் சேற்றில் குறிஞ்சியின் உயிரைக் காணாதது குற்றமாகாது.

அப்படியானால் நம் நீருக்குச் சாட்சிகள் யார்? கொசுவலைத் துணியும் வெள்ளைத் தட்டும் கொண்டு மாணவர்கள் தேடத் தொடங்கினார்கள். மே ஈயின் குடம்பி கிடைத்தது, தும்பியின் குடம்பி கிடைத்தது, நத்தை கிடைத்தது, கடிக்காத கொசுவினத்தின் செந்நிறப் புழுவும் கிடைத்தது. அப்புழு தன் குருதியிலுள்ள செந்நிறப் பொருளின் துணையால் ஒட்சிசன் அருகிய சேற்றிலும் பிழைக்கும். அது பிறவற்றோடு கூடியிருந்தால் அச்சமில்லை. பிறவெல்லாம் மறைந்து அது மட்டும் பெருகினால், அங்கே ஏதோ கேடு நேர்ந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். வயல் வடிச்சல் வந்து கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் எடுத்து ஒப்பிட்டால் அந்த ஐயம் தெளிவுபெறும்.

இது வெறும் பூச்சி விளையாட்டன்று. வட்டையில் முதுகில் தெளிகருவி சுமந்து களைகொல்லி அடிப்பவன் போடியார் அல்லன், கூலிக்கு வந்தவன். அவன் கால் நனைவதும், அவன் வீட்டார் துணி துவைப்பதும் அதே வாய்க்காலில்தான். 2021இல் இரசாயனப் பசளைக்குத் திடீரெனத் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை தளர்ந்தது. இரு முடிவுகளும் மேலிருந்தே வந்தன, சுமந்தவன் உழவன். நீரின் நிலையைத் தானே அறிந்து சொல்லும் வல்லமை ஊருக்கு இல்லாதவரை, முடிவுகள் மேலிருந்துதான் வரும்.

பூச்சிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடா. எந்த நஞ்சு என்று அவை பெயர் கூறா. குடிநீரிலுள்ள நோய்க்கிருமியை அவை காட்டா. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆனால், ஆய்வுகூடத்தை எங்கே, எப்போது அழைக்க வேண்டும் என்பதைச் சொல்ல அவற்றால் இயலும். ஒரு மாலைப்பொழுதின் கணக்கு தீர்ப்பாகாது என்பதும் மெய்யே. ஆகவே பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும், அதே இடத்தில், அதே முறையில், ஒவ்வொரு பாடசாலையும் தன் வாய்க்காலுக்கென ஒரு கொப்பி வைத்து எழுதி வரட்டும். போகத் தொடக்கத்தில் விவசாயிகள் கூடும் கூட்டத்தில் அந்தக் கொப்பி வாசிக்கப்படட்டும். அறிவு தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல் வயல் வரப்புக்கு இறங்கி வரும் வழிகளுள் இதுவும் ஒன்று.