பேரருவியும் 0.14 டிகிரியும்

சாரல் தொடங்கிவிட்டது என்று தென்காசியிலிருந்து யாராவது போனில் சொன்னால், அருவிக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வருவது 0.14 என்ற எண். அதைக் கொடுத்தவர் பி.எஸ்சி.யில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த சார். சீசனில் ஒருநாள் குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றோம். "மேல இருக்க தண்ணியவிட கீழ விழுந்த தண்ணி சூடா இருக்குமா, குளிர்ச்சியா இருக்குமாடே?" என்று கேட்டார்.

"குளிர்ச்சிதான் சார். நடுங்குதுல்லா."

"நடுங்குறது கெடக்கட்டும். எவ்வளவு வித்தியாசம்னு சொல்லு."

பேப்பர் இல்லை, பேனா இல்லை, இடுப்பில் ஈரத் துண்டு. அருவியின் உயரம் சுமார் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கிலோ தண்ணீர் அங்கிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 590 ஜூல். அதே ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். வகுத்தால் 0.14 டிகிரி. அவ்வளவுதான் சூடாகும். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து எழுந்து வருகிறதே என்றான் ஒருவன். மொத்த உயரம்தான் கணக்கு, எத்தனை படியாக விழுந்தாலென்ன என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம். "நம்ம லேப் தெர்மாமீட்டர்ல இது தெரியுமா?"

தெரியாது. அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஒரு டிகிரி.

இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது என்னிடம் கேட்பதெல்லாம் தேர்வைப் பற்றித்தான். நெட்டா, கேட்டா, ஜெஸ்டா, எந்தப் புத்தகம், எந்தக் கோச்சிங்? எழுதத்தான் வேண்டும், எழுதாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் உள்ளே போனபின் அந்த மார்க்கை யாரும் கேட்பதில்லை. ஒரு அளவை எடுக்கப் போகுமுன் விடை சுமாராக எவ்வளவு வரும், கையிலுள்ள கருவி அதைக் காட்டுமா என்று சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் சார் அதைத் துண்டு கட்டியபடி கற்றுக்கொடுத்தார்.

ஆற்றலை அளக்கும் அலகுக்குப் பெயர் தந்த ஜூலுக்கும் இந்த அருவிப் பைத்தியம் இருந்திருக்கிறது. 1847இல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனவர், நீளமான தெர்மாமீட்டரும் கையுமாக அருவி தேடிக்கொண்டிருந்ததாகக் கெல்வின் பிற்காலத்தில் சொன்னார். கொஞ்சம் சோடித்துச் சொன்ன கதையாகவும் இருக்கலாம். அவருடைய புதுமனைவியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

தென்காசியிலிருந்து மதுரை பஸ்ஸில் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் இடதுபக்கம் ஒரு ரோடு பிரியும். அது வத்திராயிருப்புக்குப் போகிற ரோடு. இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன் 1898இல் பிறந்த ஊர் அது. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் அவர் எழுதிய நாட்குறிப்பைப் படித்தபின், அந்த முக்கைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். கிருஷ்ணன் அப்போது கோட்பாட்டுக் கணக்குகளில் மூழ்கிக் கிடந்தார். சோதனையைத் தொடாமல் ரொம்ப நாள் இருப்பது ஆராய்ச்சிக்காரனுக்கு நல்லதல்ல என்று ராமன் அவரைப் பிடித்துக் கருவியின் பக்கம் தள்ளினார். தள்ளிய அந்த மாதத்தில்தான் ராமன் விளைவு பிடிபட்டது. அன்றன்று என்ன பார்த்தார்கள், பேராசிரியர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் கிருஷ்ணன் எழுதி வைத்தார். பிப்ரவரி 16 தேதியிட்டு இருவர் பெயரிலும் போன கடிதம் மார்ச் 31 'நேச்சர்' இதழில் வந்தது. யார், எப்போது, எதைப் பார்த்தார்கள் என்று பின்னாளில் பேச்சு எழுந்தபோது, அறிவியல் வரலாறு எழுதியவர்கள் தேடிப்போனது அந்த நாட்குறிப்பைத்தான்.

நம் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. அட்டை போட்டு, மார்ஜின் இழுத்து, சோதனை முடிந்த அடுத்த வாரம் அழகாக எழுதுவது. ஊசலில் ஜி மதிப்பு 9.8 வராவிட்டால் ரீடிங்கை வளைத்துக்கொள்வதும் உண்டு. ஆய்வு நோட்டு இதற்கு நேர் எதிர். தேதி, நேரம், எந்தக் கேபிளை மாற்றினோம், எதைத் தட்டியதும் முள் துள்ளியது, எல்லாம் அந்த நிமிஷமே பேனாவால். தப்பான ரீடிங்கின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். இதை முதுகலையிலேயே பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டினாற்போல.

என்னோடு ஆய்வுக்குச் சேர்ந்தவர்களில் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பள்ளி லீவில் எல்லாம் மாமாவின் டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்தவன். குவாண்டம் இயங்கியலில் சுமார்தான். ஆனால் ஒரு பெருக்கிச் சுற்று காரணமே இல்லாமல் விட்டுவிட்டு இரைச்சல் போட்டபோது, பெரியவர்களெல்லாம் தரையிணைப்பைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்க, இவன் போர்டைத் திருப்பி, பென்சில் பின்பக்கத்தால் ஒவ்வொரு ஜாயின்டாக அழுத்திக்கொண்டே வந்தான். ஒன்றில் நின்றான். "டிரை சால்டர் அண்ணே." சுற்றிலும் முடிபோல ஒரு வட்டக் கீறல். சூடுவைத்துத் தொட்டதும் இரைச்சல் நின்றது. அன்றிலிருந்து லேபில் அவனுக்கு ஏக மரியாதை.

பைத்தான், லினக்ஸ், லேட்டெக் எல்லாம் இன்று சைக்கிள் ஓட்டுவது மாதிரி, தெரிந்தே ஆக வேண்டும், இலவசமாகவே கிடைக்கின்றன. புள்ளியியலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பிழைவீச்சு போடாத எண்ணை எந்தக் கருத்தரங்கிலும் மதிக்கமாட்டார்கள். அந்தக் கருத்தரங்கில் கை தூக்கிக் கேட்கவும் வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை பார்த்தபோது கிருஷ்ணன் மதிய இடைவேளையில் உட்கார்ந்துகொண்டு, மாணவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விட்டாராம். நம் பிள்ளைகள் வாய் திறக்க இங்கிலீஷ் தடை என்கிறார்கள். கூச்சம்தான் பெரிய தடை என்பது என் எண்ணம்.

ஆய்வுக் காலத்தில் டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் பிளாட்டினம் வெப்பமானி கைக்கு வந்தது. இதைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனால் சாரின் எண்ணைப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. கணக்குப் போட்டேன். பேரருவித் தண்ணீர் சிதறி விழும்போது கொஞ்சம் ஆவியாகும். ஒரு லிட்டரில் கால் கிராம் ஆவியானாலே சுமார் 0.14 டிகிரி குளிர்ந்துவிடும். விழுந்த சூட்டை ஆவி தின்றுவிடும். ஆக, கருவி நல்லதாக இருந்தும் பயனில்லை, அந்த இடம் சரியில்லை. நடுங்குதுல்லா என்றவன் சொன்னதிலும் நியாயம் இருந்திருக்கிறது.

கடைசியாக, பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு ஒன்று. எம்.எஸ்சி. முடித்தபின் இன்னும் ஐந்தாறு வருஷம் யார் செலவு செய்வது என்றுதான் நம் பக்கத்தில் பெரும்பாலும் படிப்பை நிறுத்துகிறார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப்பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி.