இடது முன் சக்கரம்

நவம்பர் 2, 2024, சனி

தீபாவளிக்கு மதுரை போய்விட்டு இன்று திரும்பினோம். உசிலம்பட்டி தாண்டியதுமே ஒரு கருகல் வாடை. முன்னால் போன லாரியின் வாடை என்று நினைத்து அதைத் தாண்டிப் போனேன்; வாடையும் கூடவே வந்தது. கணவாய் ஏற்றத்தில் மாருதி வழக்கத்தைவிட முக்கியது. இறக்கத்தில் ஸ்டியரிங் இடப்பக்கமே இழுத்தது. ஆண்டிப்பட்டியில் டீக்கடை ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரங்களையும் சுற்றிவந்தேன். பின்சக்கரங்கள் வெதுவெதுப்பு. வலது முன்சக்கரம் சூடு, ஆனாலும் கை வைக்க முடிந்தது. இடது முன்சக்கரத்தை நெருங்கும்போதே புறங்கையில் அனல் அடித்தது. டிஸ்க் பிரேக் உள்ள சக்கரம் சுடத்தான் செய்யும். ஆனால் இடதும் வலதும் ஒன்றுபோலச் சுட வேண்டும்.

அரைமணி நேரம் ஆறவிட்டு, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் மெதுவாகத் தேனி வந்து சேர்ந்தோம்.

எங்கள் வாசல் சரிவு. நியூட்ரலில் விட்டுக் காலை எடுத்தால் வண்டி தானாகப் பின்னால் உருளும். அதற்கென்றே அப்பா கேட் ஓரம் ஒரு கருங்கல் வைத்திருக்கிறார். நான் இறங்குவதற்குள் அது சக்கரத்துக்கு அடியில் வந்துவிடும். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான். இன்று அவர் கல்லை எடுக்கப் போகவே இல்லை. வண்டி நின்ற இடத்தில் நின்றது. "கொஞ்ச நாளா கல்லே வேண்டியதில்ல ஆத்தா, சொன்ன பேச்சுக் கேட்டு நிக்குது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நவம்பர் 3, ஞாயிறு

ஆயுத பூஜைக்கு முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்சக்கரங்களுக்குப் பேட் மாற்றினோம். காலிப்பருக்குப் புதுக் கிட்டும் போட்டார்கள். அதுவரை இந்தத் தொல்லை கிடையாது. இன்று போன் செய்தால், "இருபத்தாறு வருஷத்து வண்டி மேடம், மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும், மாத்திருங்க" என்கிறார்கள். வண்டியைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத் தொடவில்லை, எந்தச் சக்கரம் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 2023-இல் மறுபடி எஃப்.சி. காட்டி வாங்கிய வண்டி இது. வயதைச் சொல்லி நோயைத் தீர்மானிப்பதை மனிதருக்கும் ஒப்ப முடியாது, வண்டிக்கும் ஒப்ப முடியாது.

மிதிக்கும்போது எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பேடை டிஸ்க்கோடு அழுத்துகிறது. காலை எடுத்ததும் அந்தப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க டிரம்மில் இருப்பதுபோல ஸ்பிரிங் இங்கே இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், சதுர வெட்டு உடையது. மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து லேசாகச் சாய்கிறது. அழுத்தம் போனதும் நிமிர்கிறது. அந்த நிமிர்வில் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்வாங்கினால் போதும், சக்கரம் விடுபட்டுவிடும். இவ்வளவு சின்ன பலத்தை நம்பித்தான் சக்கரம் விடுபடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. அதனால்தான் எது குறுக்கே வந்தாலும் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது: துருவேறிய பிஸ்டன், காய்ந்துபோன காலிப்பர் பின், வழியில் அடைப்பு.

மாஸ்டர் சிலிண்டராக இருந்தால்? எண்ணெய் திரும்பும் சிறு துளை அதில் அடைத்துக்கொண்டாலும் பிரேக் விடாது. பெடலுக்கு ஃப்ரீ ப்ளே இல்லாமல் தண்டு எப்போதும் முட்டிக்கொண்டிருந்தாலும் விடாது. ஆனால் அந்தக் குழாய்வழியில் இருக்கும் இன்னொரு சக்கரமும் கூடவே மாட்டும். ஒற்றைச் சக்கரம் மட்டும் சுடாது. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன், ஃப்ரீ ப்ளே இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குப் பணம் கொடுப்பதாக இல்லை.

நவம்பர் 6, புதன்

பள்ளிக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். மழை.

17ஆம் தேதி போடிமெட்டு போகலாம் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன். சக்கரம் சரியாகும்வரை மலைப்பாதை கிடையாது என்று இன்று சொல்லிவிட்டேன்; முகம் வாடிவிட்டது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். குழாய்க்குள் ஆவி சேர்ந்தால் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. ஏற்கெனவே அனலாக இருக்கும் சக்கரத்தோடு மலையிறங்க நான் தயாரில்லை. இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

நவம்பர் 9, சனி

காலையில் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இடது முன்பக்கம் ஜாக்கி போட்டேன். ஜாக்கி நழுவினாலும் தாங்கட்டும் என்று ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் தள்ளினேன். நியூட்ரல். சக்கரத்தைக் கையால் சுற்றினால் பேட் லேசாக உரசும் சத்தம், அவ்வளவுதான், சுற்றியது. இரவு முழுக்க நின்ற வண்டி அல்லவா.

மகளை உள்ளே உட்காரவைத்து நாலு முறை நன்றாக மிதிக்கச் சொன்னேன். "விட்டுட்டேன்மா" என்றாள். சக்கரம் அசையவில்லை. இரண்டு கையாலும் டயரைப் பிடித்துத் திருகினேன், இம்மியும் இல்லை. மணி பார்த்தேன். ஏழு நிமிடம் கழித்துக் கனமாகச் சுற்றியது. பதினைந்து நிமிடத்தில் பழையபடி லேசாகிவிட்டது. மறுபடி மிதிக்கச் சொன்னேன், மறுபடியும் அப்படியே.

துருப்பிடித்த பிஸ்டன் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்து விடாது. உள்ளே எண்ணெய் மாட்டிக்கொண்டு ஊசித்துளை வழியாகக் கசிந்து திரும்புகிறது என்றுதான் தோன்றுகிறது. காலிப்பரில் எண்ணெய் வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் என்னிடம் இருப்பது சாதா ஸ்பானர். நட்டின் முனை மழுங்கிவிட்டால் ஒரு வேலை இரண்டாகும். நாளை மெக்கானிக் பாயைக் கூப்பிட வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

பாய் வந்ததும் ஆயில் டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டார். கரைந்தது. "ஆயில்னு பேரு இருக்கறதால சில பேரு இன்ஜின் ஆயிலை ஊத்திர்றாங்க டீச்சர். அது மிதக்கும். ஊத்திட்டா எல்லா ரப்பரும் ஊதிப்போயி நாலு வீலும் மாட்டும். உங்களுதுல அது இல்ல." நான் யோசிக்கவே இல்லாத சோதனை.

மகள் மிதித்தாள், விட்டாள். சக்கரம் இறுகி நின்றது. பாய் காலிப்பருக்குப் போகாமல், இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்துக்குப் போனார். நட்டைக் கால் சுற்று தளர்த்தினார். கொஞ்சம் ஈரம் கசிந்தது. "இப்ப சுத்திப் பாருங்க." சுற்றவில்லை. மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் அழுத்தம் எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம். நட்டை இறுக்கிவிட்டுக் காலிப்பரின் நிப்பிளைத் திறந்தார். கறுத்த டீ நிறத்தில் எண்ணெய் பீச்சியடித்தது. என் கையில் இருந்த சக்கரம் சட்டென்று விடுபட்டுச் சுழன்றது.

நடுவில் இருப்பது ஹோஸ் ஒன்றுதான். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. உள்ரப்பர் பிரிந்து நாக்குபோலத் தொங்கும், காலின் பலத்துக்கு வழிவிடும், திரும்பிவரும் எண்ணெய்க்கு வழியை மூடிக்கொள்ளும் என்றார் பாய். பிறகு, "காலிப்பரைக் கழட்டினவங்க கம்பியில கட்டித் தொங்க விட்டாங்களா?" என்று கேட்டார். அன்று நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கட்டவில்லை. காலிப்பர் முழுக் கனத்தோடு ஹோஸில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பழைய ரப்பர் தானாகவும் போகும். ஆனாலும் அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. தெரிந்திருந்தால் ஒரு கட்டுக்கம்பி கொடுத்திருப்பேன்.

நவம்பர் 16, சனி

2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றுவிட்டது; உதிரிபாகம் மட்டும் இன்னும் தட்டில்லாமல் கிடைக்கிறது. முன் ஹோஸ் இரண்டையுமே மாற்றினோம், ஒன்று போனால் அதே வயதுள்ள மற்றதும் வரிசையில்தான் நிற்கும். புதுக் காப்பர் வாஷர். காலிப்பர் பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிகோன் கிரீஸ். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, தூரத்திலிருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி நான்கிலும் காற்று எடுத்தோம். பெயின்ட்டில் சிந்திய சொட்டுகளை மகள் உடனுக்குடன் தண்ணீர் விட்டுக் கழுவினாள். விட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

பழைய ஹோஸைத் துடைத்து, சைக்கிள் பம்பை ஒரு துணியோடு பொருத்தி அடித்தோம். மாஸ்டர் பக்கமிருந்து காற்று போனது. காலிப்பர் பக்கமிருந்து அடித்தால் பம்பின் பிடி பாதியில் நின்றது. பாய் பிளேடால் நீளவாக்கில் கீறிக் காட்டினார். உள்ளே ஒரு கறுப்பு மடிப்பு, விரல்நகத்தில் பாதிகூட இருக்காது. ஹோஸைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன், வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

அதிகாலையில் போடிவரை போய்வந்தேன். மலைக்கு இன்று இல்லை, அடுத்த வாரம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே சூடு. ஸ்டியரிங் நேராக நின்றது.

வாசலில் நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்தேன். வண்டி உருண்டது. "ஆத்தா, பிரேக், பிரேக்!" என்று அப்பா திண்ணையிலிருந்து கத்தினார். மிதித்துக்கொண்டே காத்திருந்தேன். கல்லை மகள் செம்பருத்தித் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் குனிந்து அதை எடுத்து வருவதற்குச் சற்று நேரமாயிற்று.