வகுப்பு

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் எங்களுக்கு வங்கி விடுமுறை. அப்படி ஒரு சனிக்கிழமை, உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராயிருக்கும் நண்பர் தம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பீரியட் வந்து பேசும்படி கூப்பிட்டார். "நீங்க பி.ஏ. இங்கிலீஷ். நான் சொன்னா பாடம், நீங்க சொன்னா பேச்சு" என்றார். கையில் ஒரு பயிற்சித்தாளையும் கொடுத்தார். பிரதியிலிருந்து பிரதி எடுத்ததில் படங்கள் கருத்திருந்தன. சமூகங்களின் வகைகள் என்பது தலைப்பு. வயலும் தானியக் கொட்டகையும் வரைந்தது கிராமச் சமூகம். அடுக்குமாடிகள் நகரச் சமூகம். புல்வெளி வைத்த ஒரே அச்சு வீடுகள் புறநகர்ச் சமூகம். யாரோ அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தயாரித்தது என்பது புல்வெளியிலேயே தெரிந்தது. எங்கள் ஊரில் புறநகர் என்பது டவுன் பஸ் திரும்புகிற இடம். தாளின் அடியில் ஒரு கேள்வி: நீ எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன்? எதிரே ஒரு கோடு.

கரும்பலகையில் கம்யூனிட்டி என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அர்த்தம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. "என்னென்ன கம்யூனிட்டி தெரியும்?" என்றதும் இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் தயக்கமேயில்லாமல், "பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி சார்" என்றான். "ஓசியை விட்டுட்டான் சார்" என்றது பின்பெஞ்ச். சிரிப்பு. (ஓசிக்கு இலவசம் என்றும் பொருள் உண்டு, சிரிப்பு அதற்காகவும் இருக்கலாம்.)

"அது இல்லப்பா" என்றேன்.

இதை எழுத வைத்தது அந்த 'அது இல்லப்பா'தான்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட 'கீவேர்ட்ஸ்' நூலில் இந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னது நம்மில் பலருக்குப் பரிச்சயமானது. அரசு, தேசம், சமுதாயம் போன்றவற்றுக்கு நேர்ந்த எதிர்மறைச் சாயல் இச்சொல்லுக்கு மட்டும் நேரவில்லை. எப்போதும் கதகதப்பாகவே புழங்குகிறது என்பார். வேல்ஸ் எல்லைக் கிராமத்தில், ரயில்வே சிக்னல்காரரின் மகனாகப் பிறந்தவருக்கு அது அநுபவமாகவும் இருந்திருக்கக்கூடும். நம்மிடம் அச்சொல் தாசில்தார் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. தமிழில் இன்னும் சிக்கல். சமூகம் என்றால் எல்லோரும், 'எந்தச் சமூகம்?' என்றால் சாதி. வகுப்பு என்றால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறை. பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால் அரசாங்கப் பட்டியல். வகுப்புக் கலவரம் என்றால் மதம். 1921இல் நீதிக்கட்சி அமைச்சரவை தொடங்கிவைத்தது வகுப்புவாரி உத்தரவு. அதன் வழிவந்த உத்தரவு 1951இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமற்போய், அதே ஆண்டில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, இன்று 69 சதவீதமாக நிற்கிறது. நண்பர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழ் இல்லையென்றால், என்னைப் பேசக் கூப்பிட அவர் அந்தப் பள்ளியில் இருந்திருக்கமாட்டார். பையன் சொன்னது தப்பான பதில் அல்ல. தாளில் இருந்ததைவிடச் சரியான பதில்.

அன்று அது எனக்கு உறைக்கவில்லை. கிராமம், நகரம் என்று ஓட்டினேன். நடுவில் ஒரு பெண் எழுந்து, "எங்கம்மா குழு கம்யூனிட்டியா சார்?" என்றாள். மகளிர் சுய உதவிக் குழு. இது என் தொழில் சம்பந்தப்பட்டது, உற்சாகமாகிவிட்டேன். 1992இல் நபார்டு 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு, பத்துப் பேரிலிருந்து இருபது பேர்வரை, தீர்மான நோட்டு, சேமிப்பு, கடன் என்று விளக்கினேன். பிறப்பால் வாய்ப்பது ஒருவகை, நோக்கத்துக்காகச் சேர்வது இன்னொரு வகை என்று டோனீஸ் 1887இல் பிரித்ததைக்கூடப் பெயர் சொல்லாமல் நுழைத்தேன். குழு இரண்டாவது வகை என்றேன். "எங்க குழுவுல எங்க தெரு மட்டும்தான் சார். அந்தத் தெருவுக்கு வேற குழு" என்றாள் அவள். கவுண்ட்டரில் இத்தனை வருஷமாக அந்த நோட்டுகளைப் புரட்டுகிறேன். முகவரிகளைப் படித்திருக்கிறேன், தெருக்களைப் படித்ததில்லை. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்பதையும், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அதே பேர்கள் முறைவைத்துச் சோறு கொண்டுபோவதையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே தெருவுக்குள்தான் என்பதை ஒரு பதினாலு வயதுப் பெண் சொல்லவேண்டியிருந்தது.

மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த இரண்டாவது பெஞ்ச் பையன் மறுபடி எழுந்தான். மணிக்கட்டில் கயிறு. நிறத்தைச் சொல்லப்போவதில்லை, எங்கள் பக்கத்தில் நிறத்தைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. (2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் இந்தக் கயிறுகள் கூடாதென்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிறு அவிழ்ந்தால் சட்டைக்குள் டாலராகப் போகும் என்கிறார் நண்பர்.) "நீங்க என்ன கம்யூனிட்டி சார்?" என்றான். குறும்பில்லை. தாளில் அவனிடம் கேட்டிருந்ததை என்னிடம் திருப்பினான், அவ்வளவுதான். பின்சுவரோரம் நின்ற நண்பர் இருமினார்.

"நான் பேங்க் ஸ்டாஃப்ப்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டான்.

உதவித்தொகைப் பட்டியலுக்காக வருஷாவருஷம் கைதூக்கிச் சொல்லிப் பழகிய பிள்ளைகள். என்னிடம் அந்தச் சான்றிதழ் இல்லை, தேவைப்பட்டதுமில்லை. சொல்லாமலிருக்க முடிவதே என் வகுப்பின் அடையாளம் என்று எனக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றபோதுதான் தோன்றியது. பஸ்ஸில் திரும்பும்போது வேறொன்றும் சேர்ந்துகொண்டது.

நம் வட்டமும் ஒரு கம்யூனிட்டிதான். சில நூறு பிரதி, மாடியறை ஒன்றில் இருபது பேர், படிமத்தைப் பற்றி மூன்று மணி நேரம். அங்கே யாரும் யாரையும் அந்தக் கேள்வி கேட்டதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கேட்கத் தேவையிருக்கவில்லை என்பதுதான் நிஜம். பெயரும் பேச்சும் முந்திக்கொண்டு சொல்லிவிடுகின்றன. நாலு வருஷத்துக்கு முன் ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். மொழி கரடுமுரடாக இருக்கிறது, இன்னும் பண்படவேண்டும் என்றேன். அவரிடமிருந்து கார்டு வந்தது. ஒரே வரி: 'எந்தத் தெருவில் நின்று பார்த்தீர்கள்?' விமர்சனத்தைத் தாங்கமுடியாத ஆத்திரம் என்று தீர்மானித்தேன். நண்பர்களிடம் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள். மேற்படி மதிப்புரையில் நான் அழகியல் என்று எழுதிய இடங்களை இப்போது படிக்கும்போது ஒவ்வொன்றிலும் 'அது இல்லப்பா' கேட்கிறது. தொகுப்பு முழுவதும் நல்ல கவிதைகள் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் நான் பண்படவில்லை என்று குறித்த ஏழு கவிதைகளில் நாலாவது நல்ல கவிதைகள். அவருக்கு எழுதவேண்டும்; விலாசம் மாறிவிட்டது என்கிறார்கள்.

திங்கட்கிழமை நண்பர் விடைத்தாள்களைக் கிளைக்கே கொண்டுவந்து கொடுத்தார். பெரும்பாலோர் கிராமச் சமூகம் என்று எழுதிக் களஞ்சியத்துக்கு வர்ணம் தீட்டியிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் 'குழு' என்று எழுதி, உறுப்பினர் பன்னிரண்டு என்று பக்கத்தில் குறித்திருந்தாள். இரண்டாவது பெஞ்ச் பையன் எதையும் நிரப்பவில்லை. அடிக்கோட்டின்மேல் பென்சிலால், 'சார் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தான்.

வரும் நான்காவது சனிக்கிழமை இன்னொரு பீரியட் தருகிறேன் என்றார் நண்பர். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.