பம்பு செட்டு முதல் நெய்வேலி வரை

மேல்மலையனூர் என்றதும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் அமாவாசை ஊஞ்சல் உற்சவமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கிருந்து செஞ்சி வரைக்கும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைவதற்குக் காரணம் ஒரு இயந்திரம். அதுதான் பம்பு! இது வற்றாத ஆறு இல்லாத பகுதி. ஏரி வற்றிவிட்டால் கிணறுதான் கதி.

ஒரு காலத்தில் ஏற்றமும், மாடு பூட்டிய கவலையும்தான் தண்ணீர் இறைத்தன. பிறகு ஆயில் என்ஜினும் கரண்ட் மோட்டாரும் வந்தன. தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் பம்புகளில் பெரும்பாலானவை கோயம்புத்தூர்த் தயாரிப்புகள்.

மேலே வைத்த பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம். உண்மையில் பம்பு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர்தான் தள்ள முடியும். நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தாலே பெரிது. எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் இது மாறாது. அதனால்தான் பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் மேடை கட்டிப் பம்பை வைத்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க பம்பும் இறங்கியது.

அதற்கும் கீழே போனதும் போர் போட்டார்கள். கம்ப்ரசர் வைத்துக் காற்றை உள்ளே அடித்து, காற்றுக் குமிழிகளோடு தண்ணீரை மேலே கொண்டுவந்தார்கள். பின்னர் வந்த சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருந்து கீழிருந்து தள்ளும். அதனால் 7 மீட்டர் கணக்கு அதற்குக் கிடையாது. ஆனால் சுற்றியுள்ள தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் எரிந்துவிடும்.

மற்ற தொழில்களில்

செஞ்சிப் பக்கத்து நெல் ரைஸ்மில்லுக்குப் போகிறது. நெல் அவிக்க நீராவி வேண்டும். பாய்லருக்குள் அழுத்தம் அதிகம். அதை மீறித் தண்ணீரை உள்ளே தள்ள தனிப் பம்பு உண்டு. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறுக்கு ஒரு பம்பு, கெட்டியான மொலாசஸுக்கு வேறு பம்பு. மெல்லிய திரவத்தைச் சுழற்றி வீசும் இம்பெல்லர் கெட்டிப் பொருளில் திணறும். அங்கே பற்சக்கர வகைப் பம்புதான் உதவும். பால் பண்ணையில் எளிதாகக் கழற்றிக் கழுவக்கூடிய எவர்சில்வர் பம்பு. சென்னை அருகே நெம்மேலியில் கடல்நீரைச் சவ்வு வழியே குடிநீராக்குவதும் உயர் அழுத்தப் பம்புகள்தான். டயாலிசிஸ் இயந்திரத்தில் உருளைகள் குழாயை நசுக்கி நசுக்கி ரத்தத்தை நகர்த்துகின்றன. பம்பின் பாகம் எதுவும் ரத்தத்தைத் தொடுவதில்லை!

நெய்வேலி

1993 வரை செஞ்சியும் நெய்வேலியும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. செஞ்சியில் தண்ணீரைத் தேடிப் பம்பு கீழே போகிறது. நெய்வேலியிலோ பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் கடும் அழுத்தத்தில் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் வந்துவிடும். அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் பயன்படுகிறது. ஆனால் சுரங்கத்தால் தங்கள் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்பது சுற்றுவட்டார விவசாயிகளின் நெடுநாள் புகார்.

இறைப்பதும் சேர்ப்பதும்

1990 முதல் தமிழக விவசாயிகள் எல்லோருக்கும் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது உயிர்நாடி. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் ஆழமாகப் போர் போட்டால், இவர் கிணறு வற்றிவிடும். மின்சாரம் இலவசம், போர் இலவசமில்லை. கடன் வாங்கிப் போட்ட போரில் புகைதான் வந்தது என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. அத்தனை காலம் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியதில் மலைச் சுனைகளுக்கும் குளங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மழைநீரைத் தேக்கி வைத்த அந்தக் குளங்கள் இன்றும் இருக்கின்றன. எந்தப் பம்பும் தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். ஏரியைத் தூர்வாரி, வரத்துக் கால்வாயைச் சரிசெய்தால்தான் அடுத்த ஆண்டும் பம்புக்கு வேலை இருக்கும்.